செத்த மரத்துக் காளானைக் காட்டிக் குறைத்த மிளகுக் குத்தகை

ஏற்காட்டுப் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, சேலத்தில் குடியிருந்தபடி வாரக் கடைசியில் மட்டும் மலையேறித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மரத்தில் தட்டுத் தட்டாகப் படர்ந்திருக்கும் ஒரு காளானைக் காட்டி, "உங்க தோட்டமே நோய் பிடிச்சுப் போச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சரிபார்ப்பது என்று எனக்கு அப்போது சொல்லித்தர ஆளில்லை. குத்தகைப் பணம், மருந்துச் செலவு, ஆள் கூலி, செத்துப்போன கொடிகள் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் போனது. பணத்தைவிட, அந்த மழைக்காலம் முழுவதும் மனசு பட்ட பாடு பெரிது. இதே பேச்சைக் கேட்டுப் பயந்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தோட்டம் நாகலூர் பக்கம். அப்பா வாங்கியது. அரபிகா காப்பி, அதற்கு நிழலுக்குச் சில்வர் ஓக், கூடவே கல்யாண முருங்கை. இரண்டு மரத்திலும் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். கல்யாண முருங்கை வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். வெட்டிய கிளையை நட்டாலே துளிர்த்துவிடும். மிளகுக்கு அதைவிட வசதியான மரம் கிடையாது என்பார் அப்பா. அந்த மரங்களைத்தான் ஒரு சின்னக் குளவி வந்து கெடுத்தது. 2004-இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் தென்னிந்தியா முழுக்கப் பரவிவிட்டது. தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடும், அந்த இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கும், இலை நிற்காது. திரும்பத் திரும்ப அடிபட்டு எங்கள் மரங்களில் பாதி பட்டுப்போயின. பட்ட மரத்தில் சிலது கொடியைத் தாங்கிக்கொண்டு நின்றது, சிலது விழுந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே கிடந்தது. அப்பா போன பிறகு நானும் மேஸ்திரியும்தான் பார்த்துக்கொள்கிறோம். பட்ட மரங்களை அப்புறப்படுத்தக் கையில் காசு சேரவில்லை, அப்படியே விட்டிருந்தோம்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மழை ஓய்ந்து நான் மேலே போனபோது பட்ட கல்யாண முருங்கைகளில் கீழிருந்து ஆள் உயரம் வரை காளான் அடுக்கடுக்காக வந்திருந்தது. சில்வர் ஓக்கிலும் காய்ந்த கிளைகளிலும், கவாத்து பண்ணி விட்ட மொட்டைக் கட்டைகளிலும் இருந்தது. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிப் படர்ந்து, மேல் விளிம்பு மட்டும் வெளியே மடிந்து அரை விசிறியாக நீட்டிக்கொண்டிருந்தது. மேல்பக்கம் சாம்பல், மங்கலான பழுப்பு, காவி என்று வளையம் வளையமாக இருந்தது. பக்கத்துத் தட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு முழ நீளத்துக்கு ஒரே தகடாகிவிட்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதே சமயத்தில் தோட்டத்தின் கீழ்மூலையில் மிளகுக் கொடிகள் மஞ்சளடித்து இலை உதிர்க்க ஆரம்பித்திருந்தன. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஆரம்பம்.

மிளகை நாங்கள் கொடியோடு மதிப்புப் போட்டுக் குத்தகைக்கு விடுவது வழக்கம். முந்தின வருடம் 1,40,000 ரூபாய்க்குப் போனது. அந்த வருடமும் அதே வியாபாரிதான் வந்தார். தோட்டத்தைச் சுற்றி வந்தவர் நேராக ஒரு பட்ட மரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு தட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். "அக்கா, இதப் பாருங்க. மரமெல்லாம் நோயடிச்சிருக்கு. இதுதான் கொடிக்கு ஏறுது. காய் முத்தறதுக்குள்ள பாதிக் கொடி போயிடும். நான் எப்படிப் பழைய ரேட்டு கொடுக்கறது?" 85,000 என்றார். மேஸ்திரி குறுக்கே வந்து, "செத்த மரத்துல வர்றதுங்க இது. எங்கப்பாரு காலத்துலயே பாத்திருக்கேன்" என்றார். "நீ படிச்சவனா, அதிகாரியா?" என்று வியாபாரி ஒரே வார்த்தையில் அவரை வாயடைத்துவிட்டார். அந்த மனிதர் முகம் சுண்டிப்போனது இன்னமும் எனக்கு வலிக்கிறது. அவர் சொன்னது சரி என்று நிரூபிக்க என் கையில் எதுவுமில்லை. மழைக்காலம் முடிவதற்குள் முன்பணம் வாங்கினால்தான் காப்பிப் பழம் பறிக்க ஆள் கூலி கொடுக்க முடியும். 85,000-க்குக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் மருந்துக் கடை. சேலத்தில் தென்னைக்கும் மரவள்ளிக்கும் மருந்து விற்கிற ஒரு கடையில் அந்தத் தட்டைக் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "கேனோடெர்மா. தென்னையில வர்ற அடித்தண்டழுகல் இதுதான். விட்டா தோப்பையே காலி பண்ணிடும்" என்றார். தென்னையில் அந்த நோய் நிஜமாகவே கொடுமையானது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் பரவிப் பெரிதாக அடித்ததால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே அதற்குப் பெயர். அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி கேன் கேனாக, ஒட்டும் திரவம், வேறு ஏதோ பவுடர் என்று 19,000 ரூபாய்க்குப் பில் போட்டார். மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், தண்ணீர் தூக்கி, மரத்துக்கு மரம் வேரில் ஊற்றி, விழுந்து கிடந்த கட்டைகளை எல்லாம் அறுத்து இழுத்து எரித்ததில் ஆள் கூலி மட்டும் 23,000. ஈரக் கட்டை பற்றவே இல்லை, டீசல் ஊற்றினோம். புகையைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, "சில்வர் ஓக்கையும் வெட்டிடுங்க, எனக்கும் பரவிடப் போவுது" என்று சத்தம் போட்டார்.

அந்த மரங்கள் தப்பியதற்கு ஒரே காரணம், மலையில் நினைத்த மாத்திரத்தில் மரத்தில் கை வைக்க முடியாது என்பதுதான். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லிருந்து சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். மனு எழுதி, அது நகர்வதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அரபிகாவுக்கு நிழல் போனால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வரும். வெயில் படும் தண்டைத் தேடித்தான் அந்த வண்டு முட்டையிடும். புழு உள்ளே புகுந்துவிட்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நிழல் மரம் மறுபடி வளர்ந்து வர எத்தனை வருடம் ஆகும்! யாராவது நோய் என்று சொல்லி நிழல் மரத்தை வெட்டச் சொன்னால், என்ன நோய், எந்தப் பூஞ்சை என்று உறுதியாகத் தெரியும்வரை அரிவாளை எடுக்காதீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போடுவதால் கெட்டுப்போகிற நிலை மிக அபூர்வம்.

விஷயம் புரிய வைத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் டீச்சர். ஒரு நாள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். பையிலிருந்த தட்டை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் மேல்பக்க வளையத்தைப் பார்த்தார்கள். அவர் வாங்கியதும் திருப்பிப் பிடித்தார். "கண்ணு, காளானுக்கு முகம் கீழ்ப்பக்கம்தான். மேலே இருக்கிற கோட்டைப் பார்த்துப் பேர் வெச்சா எல்லாமே ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் கிடைக்கும், வாங்கி வா என்றார். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. தோட்டம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காளானை லென்ஸுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்க்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் துளைகள் இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. எங்கள் காளானில் துளை கிடையாது, மடிப்பு கிடையாது, பல் கிடையாது. மொழுமொழுவென்று மெல்லிய தோல் மாதிரி, மங்கிய ஆரஞ்சும் காவியும் கலந்த நிறத்தில் ஒரே பரப்பு. ஓரத்தைக் கிழித்து வெட்டுமுகத்தைப் பார்க்கச் சொன்னார். துளைக் காளானாக இருந்தால் அடிப்பக்கத்தில் நெருக்கமாகக் குழாய்கள் நிற்கும் ஒரு அடுக்கு தெரியும். இதில் அதுவும் இல்லை, மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மேல்பக்கத்தை லென்ஸில் பார்த்தபோது வளையம் என்று நான் நினைத்ததெல்லாம் முடி. ஒரு வளையத்தில் மென்மயிர் அடர்ந்திருந்தது, அடுத்ததில் உதிர்ந்து வழுவழுப்பாக இருந்தது, வளரும் விளிம்பு மட்டும் வெளுத்திருந்தது. பழைய தட்டுகளில் மயிருக்கு நடுவே பச்சைப் பாசி ஏறியிருந்தது.

"ஸ்டீரியம்" என்றார் டீச்சர். உலகம் பூராவும், பெரும்பாலும் அகன்ற இலை மரங்களின் செத்த கட்டையில் வளரும் கூட்டம் இது. எங்களுடையது ஸ்டீரியம் ஆஸ்ட்ரியா வகையறா. அந்தப் பெயரை முதலில் 1826-இல் ஜாவாத் தீவிலிருந்து கிடைத்த காளானுக்குத்தான் வைத்தார்கள், வெப்ப நாடுகளில் நிறைய வளரும். அதற்கு மேல் துல்லியமாக எந்த இனம் என்று சொல்ல நுண்ணோக்கியும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும் என்றார். ஆனால் தோட்டக்காரருக்குப் பேரினம், அதாவது ஸ்டீரியம் என்கிற கூட்டம், தெரிந்தாலே போதும், இது பெரும்பாலும் செத்ததைத் தின்கிற கூட்டம் என்று முடிவுக்கு வந்துவிடலாம். இன்னொரு சோதனையும் சொன்னார். புதிதாக, ஈரமாக இருக்கும் தட்டின் கீழ்ப்பக்கத்தை நகத்தால் கீறிவிட்டு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். ஸ்டீரியத்தில் சில இனங்கள் கீறிய இடத்தில் சிவப்பாகக் கசியும். அதில் ஒன்று ஊசியிலை மரங்களில் வருவது, இன்னும் சில அகன்ற இலை மரங்களில் வருபவை. எங்களுடையது கசியவில்லை. இந்தச் சோதனையைக் காய்ந்துபோன தட்டில் செய்து பயனில்லை. கசிகிற இனம் மரத்துக்கு மரம் வேறு என்பதால்தான் கட்டை எந்த மரத்துடையது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மரத்தின் பெயர் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் கழிந்துவிடும்.

லென்ஸோடு மறுபடி மேலே போய், எரிக்காமல் விட்ட கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே கட்டையில் மூன்று நான்கு வகைக் காளான்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அச்சு அசலாக அதே வளையங்களோடு, கொஞ்சம் தடிப்பாக, கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஊசிமுனைத் துளைகள் நிறைந்து ஒன்று. அது வான்கோழி வால் என்று சொல்கிற டிராமெட்டீஸ் கூட்டம். கீழே பெரிய அறுகோணக் கண்கள் வரிசையாகத் தெரிந்தது ஹெக்ஸகோனியா. வெள்ளை மயிரோடு சின்னதாக, கீழே மடிப்புகள் விசிறியாக விரிந்து ஒவ்வொரு மடிப்பும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது ஸ்கிசோஃபில்லம். இது நம் ஊரில் காய்ந்த கிளை கிடக்கும் இடமெல்லாம் இருக்கும். இவை எல்லாமே முக்கியமாகச் செத்த கட்டையில் வாழ்பவை. கைபேசிச் செயலியில் படம் பிடித்துப் போட்டபோது ஸ்டீரியத்துக்கும் டிராமெட்டீஸுக்கும் ஒரே பெயரைத்தான் காட்டியது, ஏனென்றால் நான் மேல்பக்கப் படத்தை மட்டும் கொடுத்திருந்தேன்.

வியாபாரி சொன்னது பொய் என்பதற்குக் கண்ணால் பார்க்கிற சாட்சி ஒன்றும் கிடைத்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டுக் காளான்கள் வித்து உதிர்க்கும் பக்கம் தரையைப் பார்த்து இருக்கும்படிதான் வளரும். நிற்கிற மரத்தில் வந்த தட்டு, மரம் விழுந்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக வருவது, விழுந்த கட்டையின் நிலைக்கேற்பத் தரைக்குக் கிடைமட்டமாக வரும். கீழே கிடந்த கல்யாண முருங்கையில் இருந்த தட்டுகள் அத்தனையும் தரைக்குக் கிடைமட்டமாக இருந்தன. அதாவது மரம் செத்து, விழுந்து, அதற்கப்புறம்தான் காளான் வந்திருக்கிறது. மரத்தைக் கொன்றது குளவி. காளான் பின்னால் வந்து கட்டையைத் தின்றுகொண்டிருந்தது. கட்டையைப் பிளந்து பார்த்தாலும் தெரியும். ஸ்டீரியம் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதால் உள்ளே வெளிறி, நார் நாராக, எடையில்லாமல் போயிருக்கும். இதை வெள்ளை அழுகல் என்பார்கள். உதிர்ந்தால் அப்படியே மண்ணோடு சேரும். நான் டீசல் ஊற்றி எரித்தது மண்ணுக்குப் போக வேண்டிய சத்தை.

சரி, எல்லாத் தட்டுக் காளானும் சாதுதானா என்றால் இல்லை. பயப்பட வேண்டியவை இருக்கின்றன, அவற்றுக்கு அடையாளம் வேறு. கேனோடெர்மா உயிரோடு நிற்கும் மரத்தின் தூரில், தரையை ஒட்டி வரும். தடிமனாக, கட்டையாக, மேலே வார்னிஷ் அடித்த பளபளப்போடு செம்பழுப்பாக இருக்கும். கீழே வெள்ளைத் துளைப்பரப்பை நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும். சுற்றிலும் பழுப்புப் பொடி படிந்திருக்கும். தாள் போல வளைகிற எங்கள் தட்டுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, கையில் வாங்கிப் பார்த்திருந்தால் கடைக்காரருக்கே தெரிந்திருக்கும். காப்பிக்கு நிஜமான எதிரி பழுப்பு வேர் நோய். வெட்டிப்போட்ட நிழல் மரத்தின் அடிக்கட்டையில் குடியிருந்து வேர் வழியாகச் செடிக்குச் செடி போகும். அதை மரத்தின் மேலே தேடக் கூடாது, வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். வேரில் மண்ணும் சின்னக் கற்களும் பழுப்பு மேலோடாக ஒட்டிப் பிடித்திருக்கும், கழுவினாலும் போகாது. அப்படி இருந்தால் அந்தச் செடியையும் அடிக்கட்டையையும் வேரோடு எடுத்து எரித்து, சுற்றிலும் இருக்கிற ஒரு வரிசை நல்ல செடிகளையும் உள்ளே வைத்து இரண்டடி ஆழம் ஓரடி அகலத்தில் பள்ளம் வெட்டி, குழியில் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் பல இடத்தில் வேரைத் தோண்டினோம். வேர் சுத்தமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்படியானால் கொடி ஏன் மஞ்சளடித்தது? இதுதான் எனக்கு ஆறாத கோபம். எல்லோரும் காளானைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழ்மூலைக் கொடிகளைத் தின்றுகொண்டிருந்தது மிளகின் வாடல் நோய். ஃபைட்டாஃப்தோரா என்ற கிருமி, தண்ணீர் தேங்கும் இடத்தில் வரும். கொடியின் தூர்ப்பகுதி கறுத்து நனைந்த மாதிரி அழுகும், இலையில் கரும்புள்ளி விழுந்து ஓரம் நார் நாராகப் படரும், சில வாரத்தில் கொடி முழுசும் கொட்டிவிடும். மேலேயிருந்து ஓடி வந்த மழைத்தண்ணீர் அந்த மூலையில் வடியாமல் நின்றிருந்தது. கொடுமை என்னவென்றால், நான் ஊற்றிய ஹெக்சகோனசோல் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அந்த மருந்து பூஞ்சையின் உடம்பில் அதற்கு அவசியமான எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துக் கொல்கிறது. ஃபைட்டாஃப்தோரா பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் வேறு இனம், எர்கோஸ்டெராலை உருவாக்குவதே இல்லை. 19,000 ரூபாய் மருந்தை, தோட்டத்தில் இல்லவே இல்லாத நோய்க்கு ஊற்றியிருக்கிறேன். இருக்கிற நோய் தன் வேலையை முடித்தது. அந்த மூலையில் செத்த கொடிகளால் அடுத்த வருடம் 30,000 ரூபாய் மகசூலாவது குறைந்தது.

அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் மண்வெட்டியும் போர்டோ கலவையும்தான். வடிகால் வெட்டினோம். மழைக்கு முன்னால் 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம் (தாமிர உப்பு), 1 கிலோ சுண்ணாம்பு என்று ஒரு சதவீதக் கலவை தயாரித்து இலையிலும் தூரிலும் அடிக்கிறோம். வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து தூரில் போடுகிறோம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யக் கூடாது, தாமிர மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். இடைவெளி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

யாரைக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து விற்கிறவரிடம் நோயைக் கேட்காதீர்கள். ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, காப்பி வாரியத்துக்கு அலுவலகம் இருக்கிறது, கீழே சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மாதிரி கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் எடுத்து வந்தேன், மலையிறங்கி வீட்டுக்கு வருவதற்குள் உள்ளே வியர்த்து, மறுநாள் வேறு பூசணம் பூத்துவிட்டது. காகித உறையில் போட்டு, உடனே கொடுக்க முடியாவிட்டால் நிழலில் உலர்த்துங்கள். தட்டை மட்டும் பிய்க்காமல் கொஞ்சம் பட்டையோடு சேர்த்து எடுங்கள். இளசு ஒன்று, முற்றியது ஒன்று வேண்டும், வயசுக்கு வயசு நிறம் மாறும். படம் எடுப்பதாக இருந்தால் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், ஓரம், முழு மரம் என்று தனித்தனியாக எடுங்கள், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். எந்த மரம், உயிரோடு இருக்கிறதா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, மழை பெய்து எத்தனை நாள் ஆனது என்பதைப் பிய்த்த இடத்திலேயே உறையின் மேல் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் மறந்துபோகும்.

உயிருள்ள மரத்தின் காய்ந்த கிளையில் ஸ்டீரியம் வந்தால் மரம் நோயாளி என்று அர்த்தமில்லை, அந்தக் கிளை முன்பே செத்துவிட்டது என்று அர்த்தம். கிளை ஏன் செத்தது என்று மேலே பாருங்கள். நிழல் பட்டுக் காய்ந்திருக்கலாம், மின்னலாக இருக்கலாம், கவாத்தின்போது பட்ட காயமாக இருக்கலாம். காய்ந்த கிளை பறிக்கிறவர்கள் தலையில் விழும் என்பதற்காக இறக்கிவிடுவது வேறு, அது அவசியம்தான்.

இன்னொன்று. வான்கோழி வால் காளானில் கஷாயம் வைத்தால் புற்றுநோய்க்கு நல்லதாம் என்று ஒரு சொந்தக்காரர் எங்கள் தட்டுகளைக் கேட்டு வந்தார். ஜப்பானில் டிராமெட்டீஸிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை மருத்துவர்கள் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது ஆய்வகத்தில் தயாரித்த மருந்து. அவர் கேட்ட எங்கள் தட்டுகள் அந்தக் காளானே இல்லை. அப்படியே அது டிராமெட்டீஸாக இருந்தாலும், கேன் கேனாக மருந்து ஊற்றிய மரத்திலிருந்து பிய்த்த எதையும் அடுப்பில் ஏற்றுவதா? அவருக்கு உடம்பு சரியில்லாத நேரம், மனசு கேட்கவில்லை. ஆனாலும் கொடுக்க மறுத்துவிட்டு, அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த குத்தகைக்கு வேறு வியாபாரி வந்தார். மேஸ்திரியும் கூடவே வந்தார், லென்ஸ் அவர் கையில் இருந்தது. பட்ட மரத்துக்குப் பக்கத்தில் போனதும் அவரே ஒரு தட்டைப் பிய்த்துத் திருப்பிக் காட்டி, "துளை இல்ல பாருங்க, இது செத்த கட்டையோடது" என்று சொல்லிவிட்டு, நேராக வாடல் வந்த கீழ்மூலைக்குக் கூட்டிப்போய் வடிகாலையும் புதுக் கொடிகளையும் காட்டினார். இருக்கிற நோயை நாங்களே சொல்லிவிட்டதால் பேரம் நேர்மையாக முடிந்தது. 1,18,000. ஒப்பந்தத் தாளில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: மரநோய், கொடிநோய் என்று சொல்லி விலை குறைப்பதாக இருந்தால், வேளாண் அதிகாரியோ ஆராய்ச்சி நிலையமோ எழுத்தில் கொடுத்த பிறகுதான் குறைக்க வேண்டும், அதற்கான மாதிரியை இரண்டு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டும். புது வியாபாரி அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். குத்தகை விடுகிறவர்கள் இந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.